தோள்பட்டைக்கு வைத்தியம் பார்க்க வந்து தூக்கத்தைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு

எனக்கு எப்படி அடிபட்டது, என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அப்போது என் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள்தான். நேற்று மனநல மருத்துவர், "இனி மாசம் ஒரு தடவை வந்தா போதும்மா" என்றார். அந்த நிம்மதி ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட நினைக்கிறேன்.

முதல் நன்றி அந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தங்கை என்றே எழுதுகிறேன்.

என் தோள்பட்டை எலும்பு கூடியாகிவிட்டது, ஸ்கேனில் குறை இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "உயிர் பிழைச்சியே, அது போதும், மத்ததெல்லாம் மறந்துடு" என்றார்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அதற்கு மேல் பேச எனக்கு வழியில்லாமல் போனது. ஒருநாள் கை தூக்கும் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் ஒரு ஸ்டீல் டிரே விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல கையால் கட்டிலின் விளிம்பைப் பிடித்தவள், விட முடியவில்லை. உடம்பு தெப்பலாக நனைந்துவிட்டது.

"ஒண்ணுமில்லக்கா, டிரேதான்" என்று தங்கை சொல்லவில்லை. என் தோளிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தாள். என் கண்ணுக்கு முகம் தெரியும்படி முன்னால் வந்து நின்றாள். மூச்சு சீராகும் வரை காத்திருந்துவிட்டு, "தூக்கம் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டாள்.

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. என்ன நடந்தது என்று அவள் இன்றுவரை கேட்கவில்லை. பயிற்சியின் நடுநடுவே, இந்த ஒரு மாதத்தில் எப்படி என்று ஐந்தே ஐந்து விஷயங்களை விசாரித்தாள். நினைக்காமல் இருக்கும்போதே அது கனவாகவோ நினைவாகவோ வருகிறதா? அதை ஞாபகப்படுத்தும் இடத்தையும் பேச்சையும் ஒதுக்குகிறேனா? எப்போதும் உஷாராக, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறேனா? மனிதர்களிடமிருந்து விலகி, மரத்துப்போன மாதிரி இருக்கிறதா? நடந்ததற்கு என்னையோ மற்றவரையோ பழித்துக்கொண்டே இருக்கிறேனா? ஐந்துக்கும் ஆமாம் என்றேன்.

"இது பலவீனம் இல்லக்கா. இதுக்கு வைத்தியம் இருக்கு. நான் பாக்குறவ இல்ல, பாக்குறவங்கள எனக்குத் தெரியும்" என்று சொல்லி, தானே போன் செய்து நேரம் வாங்கினாள். அடுத்த முறை போனபோது என் கட்டில் கதவைப் பார்த்தபடி திருப்பிப் போடப்பட்டிருந்தது. தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "இப்போ முழங்கைய பிடிக்கப் போறேன், சரியா?" என்று கேட்டாள். நான் தலையசைத்த பிறகுதான் தொட்டாள். எத்தனையோ பெரிய உதவிகள் கிடைத்தன. என் உடம்பு என்னிடமே திரும்பி வந்ததாக உணர்ந்தது அந்தக் கேள்வியில்தான்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அதிர்ச்சிக்குப் பிறகு முதல் சில வாரங்கள் கெட்ட கனவும் திடுக்கிடலும் பலருக்கும் வரும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால் பி.டி.எஸ்.டி.யா, அதாவது அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன அழுத்த நோயா என்று பார்க்க வேண்டும். 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது அந்தப் பெயரோடு இடம்பெற்றதாம். அதற்கு முன்பு எத்தனை பேர் கேட்பாரில்லாமல் விடிய விடிய விழித்துக் கிடந்தார்களோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தூக்க மாத்திரை கேட்டேன். அது இந்த நோயைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு என்று காரணத்தோடு மறுத்து, இந்த நோய்க்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் செர்ட்ராலின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னதால்தான் பாதியில் நிறுத்தாமல் தாக்குப்பிடித்தேன். அவருக்கு என் வணக்கம்.

உளவியல் ஆலோசகருக்கும் நன்றி. அவர் தந்த சிகிச்சை இதுதான்: கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பதுபோல அவரிடம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதைப் பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும். ஒதுக்கி வைத்த இடங்களுக்கு, பயம் குறைந்ததிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் போக வேண்டும். முதல் வாரங்களில் வேதனை கூடியது, மறைக்க விரும்பவில்லை. "நிறுத்தணும்னா கை காட்டுங்க, நிறுத்திடுவேன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். கை காட்டியபோதெல்லாம் நிறுத்தவும் செய்தார்.

இரவில் விளக்கை அணைக்காமல் பக்கத்தில் படுத்த நாத்தனார், வெளியே அழைத்துப் போய்ப் பேச்சுக் கொடுக்காமல் கூடவே நடந்த தோழிகள், கதவைத் தட்டும் முன் குரல் கொடுக்கப் பழகிக்கொண்ட என் பிள்ளைகள், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலகத்தார், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

இனி யாராவது பெரிய அடிபட்டு மீண்டு வந்தால், காயத்தை விசாரிக்கும்போதே தூக்கத்தையும் விசாரிப்பேன். கதை கேட்க மாட்டேன். வைத்தியம் தேவைப்பட்டால் முதல் நாள் நானே கூடப் போவேன்.

போன வாரம் தங்கை ஒரு உதவி கேட்டாள். பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகளிடம் வந்து, தொடும் முன் கேட்பது நோயாளிக்கு எப்படி இருக்கும் என்று பேச முடியுமா என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.