வேளைக்குச் சொந்தக்காரி

அன்புள்ள கண்ணம்மா,

தீபாவளிக்கு வந்தபோது நீ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாயே, கலப்புக் காட்டுப்பூ விதை, அதில் முளைத்த ஒன்றுக்கு மட்டும் பெயர் தெரியவில்லை என்று படம் அனுப்பியிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

அடைமழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் விதைத்தேன். உறைமேல் படம் போட்டிருந்த சிவப்புப் பாப்பி ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. குளிர்நாட்டுச் செடி, நம் திருவையாற்று வண்டலில் என்ன செய்யும் பாவம். காஸ்மாஸும் ஜினியாவும் மெக்சிகோக்காரர்கள், வெயில் பழகியவர்கள். அவை தாராளமாக வந்தன. அவற்றுக்கு நடுவே இடுப்பளவு வளர்ந்து, உச்சியில் இளஞ்சிவப்புக் கொத்தாக நின்றதுதான் நான் அனுப்பிய படம். போனில் இருக்கும் செயலி காலையில் ஒரு பெயர் சொன்னது, மாலையில் வேறொன்று சொன்னது. பூவை மட்டும் காட்டினால் அதுதான் என்ன செய்யும்?

பிடித்தது அப்பாயிதான். திண்ணையில் உட்கார்ந்தபடியே, "ஏம்மா, இது வேளைக்குச் சொந்தக்காரி மாதிரி இல்ல?" என்றார்கள்.

வேளை என்று அவர்கள் சொன்னது நல்வேளைக் கீரையை, சொந்தக்காரி என்றது உறவுக்காரி என்று. உடனே தோப்போரம் போய் ஒரு நல்வேளைச் செடியைப் பிடுங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்தாறு சிற்றிலைகள் பிரிகின்றன. பூவுக்கு நான்கு இதழ், நான்கும் மேல்பக்கமாகவே நிற்கின்றன. பூனை மீசை மாதிரி நீண்ட மகரந்தத் தாள்கள் ஆறு. காய் மெல்லிய காம்பு ஒன்றின்மேல் ஏறித் தள்ளி நிற்கிறது. உறவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே செடி இல்லை. நல்வேளையில் அந்த மகரந்தத் தாள்கள் காய்க்காம்பின் பாதி உயரத்தில் கிளம்பும். இதிலோ இதழ்களின் அடியிலேயே கிளம்பிவிடுகின்றன, காய் மட்டும் தனியாக மேலே போகிறது. இன்னொன்று, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இதற்குச் சின்னதாக இரண்டு முள். கையில் குத்திய பிறகுதான் கவனித்தேன். நல்வேளைக்கு முள் கிடையாது.

முள்தான் முடிவு சொன்னது. கிளியோம் ஹாஸ்லெரியானா, தோட்டக்காரர்கள் ஸ்பைடர் ஃப்ளவர் என்பார்கள். பிரேசில், அர்ஜென்டினா பக்கத்துச் செடி. உளுந்து வயலில் மஞ்சளாகப் பூக்கும் நாய்க்கடுகும் இந்தக் குடும்பம்தான். கடுகுக்கு இவர்களெல்லாம் ஒன்றுவிட்ட உறவு. மொட்டு சாயங்காலம்தான் விரிகிறது, மறுநாள் வெயிலில் இதழ் துவண்டுவிடுகிறது. உனக்கு அனுப்பிய படம் உச்சிவேளையில் எடுத்தது, அதுதான் அவ்வளவு சோர்வு.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் ஒன்றும் உண்டு. வெயிலைப் பயன்படுத்தி உணவு தயாரிப்பதில் நல்வேளை சோளத்தையும் கரும்பையும் போல சி4 வகை, அதாவது கடும் வெயிலிலும் திறமாகத் தயாரிப்பது. இது நெல்லைப் போல சி3. ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு பேர் இருப்பதால் ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். நெல்லையும் சி4 ஆக்க முடியுமா என்று உலகத்தில் முயற்சி நடக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். "முதல்ல ஜூன் 12-ல மேட்டூர் திறக்கட்டும்" என்று செய்தித்தாளைப் புரட்டிவிட்டார்.

அப்பாயிக்கு அடுத்த கேள்வி, கடையலாமா என்பது. வேளையைச் சாப்பிடுவது நமக்குப் பழைய பழக்கம்தான். புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் பாட்டிலேயே ஆய்மகள் ஒருத்தி வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் இட்டுச் சமைக்கிறாள். அதற்காகச் சொந்தக்காரியையும் சட்டியில் போட முடியுமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முறைத்துக்கொண்டு நல்வேளையையே ஆய்ந்து கடைந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது காய் மஞ்சளிக்கத் தொடங்கியிருக்கிறது. வெடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் நறுக்கி எரித்துவிடப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவைதான். நம் வாய்க்கால் என்ன கதியில் இருக்கிறது என்று நீயே பார்த்தாய். இதுவும் அப்படிப் பரவும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொல்லைக்கு அந்தப்பக்கம் வாய்க்கால், அதற்கு அந்தப்பக்கம் ஊர் வயல். அழகாக இருக்கிறது என்று நம் வீட்டுக்குள் ரசிக்கலாம், ஊருக்கு அனுப்ப நமக்கு உரிமையில்லை. அப்புறம், வெளிநாட்டு விதை கொண்டுவர முன் அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும், 2003-லிருந்து அதற்கென்று தனி ஆணையே இருக்கிறது. உனக்குத் தெரியாமல் இருந்திருக்கும். சரி, இனிமேல் வேண்டாம்.

ஏதாவது வாங்கி வரத்தான் வேண்டும் என்றால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் மடக்கு லென்ஸ் ஒன்று வாங்கி வா. நாய்க்கடுகுப் பூவையும் பிரித்துப் பார்க்க வேண்டும், வெறும் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா