வீட்டில் கொட்டை மரம்: பாதாமை விட்டு முந்திரிக்கு வருவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாதாம், அக்ரூட் போன்ற கொட்டைகளை வீட்டிலேயே விதைத்து மரமாக்கலாம் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியதிலிருந்து, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல வீட்டு வாசல்களில் பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஆர்வம் நல்லதுதான், தேர்ந்தெடுத்த மரம்தான் நம் மண்ணுக்கு ஒவ்வாதது. கடையில் விற்கும் பருப்பு பெரும்பாலும் வறுத்ததாகவோ சூடு காட்டியதாகவோ இருக்கும் என்பது ஒருபுறமிருக்க, பச்சைக் கொட்டையை ஈர மணலில் பொதிந்து குளிர்பெட்டியில் சில வாரங்கள் வைத்து முளைக்கச் செய்தாலும், பூத்துக் காய்க்க அம்மரங்களுக்கு ஆண்டுதோறும் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிர் பல நூறு மணி நேரம் தேவை. குளிர்ந்த மலைப்பகுதியான கேமரன் மலையில்கூட அத்தகைய குளிர்காலம் கிடையாது.

நமக்கு ஏற்றது முந்திரி, அதாவது பசாரில் (சந்தையில்) நாம் கஜூஸ் என்று கேட்டு வாங்குவது. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் போலவே இதுவும் பிரேசில் நாட்டிலிருந்து வந்த மரம். 1876ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஹென்றி விக்ஹம் அங்கிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 பால்மர விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை 3,000கூட இல்லை; அவற்றின் வழிவந்த கன்றுகள்தாம் 1877இல் சிங்கப்பூருக்கும், எங்களுக்கு அடுத்த ஊரான கோலகங்சாருக்கும் வந்தன. பால்மர விதை உதிர்ந்த சில வாரங்களிலேயே உயிர்ப்பை இழந்துவிடும் என்பது தவரணையில் (நாற்றுப் பண்ணையில்) வேலை செய்த எவருக்கும் தெரியும். முந்திரி சில மாதங்கள் தாங்கும் என்றாலும், அதுவும் புதிதாக இருப்பதே நல்லது.

பழத்தின் அடியில் தொங்கும் கொட்டையை ஓட்டோடு இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, பின் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைக் கழித்து, மூழ்குபவற்றை மட்டும் ஒருநாள் ஊறவைக்க வேண்டும். ஓட்டை உடைத்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். அதிலுள்ள எண்ணெய் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் என்பதால் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அடியில் துளையிட்ட பாலிபேக்கில் மணல் கலந்த மண்ணை நிரப்பி, காம்பு இருந்த முனை மேற்புறம் இருக்குமாறு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால், இரண்டு மூன்று வாரங்களில் முளைவிடும். நாம் தின்னும் பருப்பின் இரு பாதிகளே தடித்த வித்திலைகளாக மண்ணைப் பிளந்து மேலே வரும். அந்த நேரத்தில்தான் எலியும் அணிலும் தேடி வருகின்றன. கம்பி வலை போட்டு மூடாதவர்களுக்கு வெறும் தண்டுதான் மிஞ்சும். ஆணிவேர் பையைத் துளைத்து வெளியேறுவதற்கு முன், இரண்டு மாத அளவில், வேர் கலையாமல் இடம் மாற்றி நட்டுவிட வேண்டும்.

மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பூக்கும் காலத்தில் மழை விடாமல் பெய்தால் பூ கருகிக் காய்ப்பு குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காய் குறைந்தாலும், மலாய்க்காரர்கள் உலாமாக, அதாவது பச்சையாகவே, சம்பல் பெலாச்சான் என்னும் இறால் மிளகாய்த் துவையலுடன் உண்ணும் கொழுந்து கிடைக்கும். மரம் பரந்து விரியும் தன்மையுள்ளதால், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் வரிசை வீடுகளில் கால்வாயை ஒட்டி நடுவது பிற்பாடு வம்பில்தான் முடியும். கோயில் நிலமும் தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரமும் அதற்குத் தோதான இடங்கள்.

விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல இயலாது. நன்கு காய்க்கும் மரத்தின் இளந்தண்டை அதில் ஒட்டிக் கட்டினால் அக்குறை தீரும். தோட்டங்களில் பால்மரத்துக்கு ஒட்டுக் கட்டிய பெரியவர்கள் பலர் இன்று எங்கள் ஊரில் ஓய்வில் இருக்கிறார்கள். முறை சற்று வேறானாலும் அந்தக் கைப்பழக்கம் அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அவர்களை அழைத்து மாணவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லலாம்.

தங்கள் நாளிதழ் வீட்டுத் தோட்டக் குறிப்புகளை வெளியிடும்போது, முந்திரி பற்றியதைப் பழம் உதிரும் பருவத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய விதை கைக்குக் கிடைப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பணியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.