கிட்டங்கி வீட்டுக்கு இந்த முறை என்ன கொடுக்கலாம்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு அட்டவணையைப் பிள்ளைகளின் டைரியில் ஒட்டி அனுப்பியாகிவிட்டது. பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இந்தக் கடிதம் வேறு விஷயமாக.

ஏர்வாடி சாலையில் இருக்கும் கிட்டங்கி வீட்டுக்கு நம் பள்ளியிலிருந்து மளிகைச் சாமான் சேர்த்துக் கொடுப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஏப்ரல் பிறப்பதற்குள் மறுபடி சேர்க்கப் போகிறோம். ஆனால் சேர்க்கும் முறையை மாற்றுகிறோம். எப்படியும் ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டில் நின்று காரணம் கேட்பீர்கள். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்காக இரண்டு வார்த்தை. ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கிய கிட்டங்கி அது. சும்மா பூட்டிக் கிடந்ததை ஊர்க்காரர்கள் உரிமையாளரிடம் கேட்டு வாங்கி, நடுவில் சுவர் எழுப்பி, பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம் என்று படுக்க இடம் செய்தார்கள். பெயர்ப்பலகையில் காப்பகம் என்று இருந்தாலும் ஊர் வாயில் அது கிட்டங்கி வீடுதான். போக்கிடம் இல்லாதவர்கள் உள்ளே தங்குகிறார்கள். வீடு இருந்தும் அடுப்பெரிக்க வழியில்லாதவர்கள் முன்பக்கத்து மளிகை அறைக்கு வந்து வேண்டியதை வாங்கிப் போகலாம். அரசுப் பணம் எதுவும் கிடையாது. ஜமாத்தும் மாதா கோவிலும் அம்மன் கோவில் கமிட்டியும் கொடுக்கிறார்கள். ஐஸ் கம்பெனிக்காரர், பரோட்டாக் கடைக்காரர், சம்பளம் வந்ததும் சவுதியிலிருந்து பணம் போட்டுவிடும் நான்கைந்து இளைஞர்கள், இவர்கள் கையால்தான் அது ஓடுகிறது.

அரசாங்கம் ஏன் செய்யவில்லை என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்கும் விடுதி, வருடம் முழுக்க, இரவு பகல் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்று மத்திய அரசுத் திட்டத்தில் அளவுகூட இருக்கிறது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் இராமநாதபுரம் நகரமே ஒரு லட்சத்தைத் தொடவில்லை. கீழக்கரை அதைவிடச் சிறிது. லட்சக் கணக்கு பார்த்தால் நம் கரையோர ஊர்கள் எதுவுமே தேறாது. ஆனால் போக்கிடம் இல்லாதவர்கள் இங்கே இல்லாமலா இருக்கிறார்கள்? ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட என்றும், ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சை என்றும் கூட்டிவந்து, அப்படியே விட்டுவிட்டுப் போகப்பட்ட பெரியவர்கள் எத்தனை பேர்! சேது யாத்திரை வழியெங்கும் சேதுபதிகள் சத்திரம் கட்டிய சீமை இது. நடந்து வருகிறவனுக்குச் சோறும் திண்ணையும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு பேர் வந்தார்கள். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் சுருண்டு கிடப்பவர்களைத் தாண்டித்தான் நாம் போய் வருகிறோம்.

சரி, முறையை ஏன் மாற்றுகிறோம்?

இதுவரை வகுப்பறையில், ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் வைத்துச் சேர்த்தோம். இனி பள்ளி கேட்டுக்கு உள்ளே, மர நிழலில், மூடி போட்ட இரண்டு டிரம் இருக்கும். பிள்ளைகளோ நீங்களோ வருகிற போக்கில் போட்டுவிட்டுப் போகலாம். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று எந்த ஆசிரியரும் பார்க்க மாட்டார். எந்த வகுப்பு அதிகம் கொடுத்தது என்று பலகையில் எழுதிப் போட்டால் போட்டி வரும், சாமானும் அதிகம் சேரும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். சேரும்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் செய்யப் போவதில்லை.

காரணம் எளிது. அந்த மளிகை அறையில் பை வாங்கிப் போகும் குடும்பங்களில் நம் பள்ளிக் குடும்பங்களும் உண்டு. பருப்பு கொண்டுவரும் பிள்ளையும், அதே பருப்பு இரவில் தன் வீட்டுக் குழம்பில் வேகும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் கொடுத்தது, அவன் வாங்கியது என்று ஒரே ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. அதன் அம்மா மளிகை அறைப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார். கொடுப்பதைவிட வாங்குவதற்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டியிருக்கிறது.

இதே காரணத்துக்காகத்தான் படமும் வேண்டாம் என்கிறேன். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் கிட்டங்கி வீட்டில் தங்கியிருப்பவர் யாராவது படத்தின் ஓரத்தில் விழுந்தால், அது எந்த ஊருக்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் அடி தாங்காமல் பிள்ளையோடு வந்து தங்கியிருக்கும் பெண்ணுக்கு, தான் இருக்கும் இடம் தெரிவதே ஆபத்து. கீழக்கரைக்காரர்களுக்குச் சீதக்காதியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? நெல்லும் பொன்னும் ஒரே விலைக்கு விற்ற பஞ்சத்தில் சோறு போட்டவர், இறந்த பிறகும் கபுறுக் குழியிலிருந்து கை நீட்டி மோதிரம் கொடுத்தவர் என்று கதை. அந்தக் கதையிலும் கைதான் வெளியே வருகிறது, முகம் வருவதில்லை.

அடுத்து, எப்போது, என்ன கொடுப்பது.

ரம்ஜான், கந்தூரி, பொங்கல், கிறிஸ்துமஸ் சமயங்களில் அந்த அறையில் வைக்க இடம் இருக்காது. காலியாவது மே மாதம். ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில். நிவாரணம் 8,000 ரூபாய் என்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும்? சொந்தப் படகு இல்லாமல் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர், வலை பின்னுகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கூடையில் மீன் சுமந்து விற்கும் அக்காமார் என்று எல்லார் வரும்படியும் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. அதே சமயம் பள்ளிக்கும் லீவு. ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு, மத்தியானம் எல்லாருக்கும் சத்துணவு என்று இங்கே இரண்டு வேளை சாப்பிடும் பிள்ளை அந்த ஒன்றரை மாதமும் முழுக்க வீட்டுச் சோற்றை நம்பி இருக்கிறது. வீட்டில் வருமானம் இல்லாத நேரத்தில் சாப்பிடும் வாய் மட்டும் கூடுகிறது. கொடுப்பவர்களும் அந்த மாதத்தில்தான் கையைக் கட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் படகுக்காரர்கள். அதனால்தான் தேர்வுக்கு முன்பே சேர்த்துவிடப் பார்க்கிறோம். லீவு விட்ட பிறகும் ஒரு டிரம் வாட்ச்மேன் அண்ணன் பொறுப்பில் கேட்டுக்குள்ளேயே இருக்கும்.

அரிசி வேண்டாம். கல்மனசு என்று நினைக்காதீர்கள். அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. அது போதாதவர்களுக்குக் கொடுக்கவும், அட்டையே இல்லாத உள்ளே இருப்பவர்களுக்கு உலை வைக்கவும் வேண்டிய அளவு மூட்டை அங்கே இருக்கிறது. போன வருடத்து அரிசியில் வண்டு விழுந்து, புடைத்துக் காயவைப்பதே ஒரு வேலையாக இருந்தது. இல்லாதது எண்ணெய், துவரம்பருப்பு, புளி, மல்லித்தூள், சர்க்கரை, தேயிலை. இதெல்லாவற்றையும்விட யாரும் நினைத்தே பார்க்காத சாமான்கள்: குளிக்கும் சோப்பு, துணி சோப்பு, பேஸ்ட், பெண்களுக்கு நாப்கின், பெரியவர்களுக்கு டயாபர், கொசுவத்தி. சமையல் சாமான் எதுவானாலும் கடையில் வாங்கிய பாக்கெட்டாக, தேதி முடிய மூன்று மாதமாவது மிச்சம் இருப்பதாகக் கொடுங்கள். வீட்டு அலமாரியைக் காலி பண்ணும் வேலையை இதோடு சேர்க்க வேண்டாம். துணியும் அப்படித்தான். புடவையும் சட்டையும் குவிந்து கிடக்கின்றன. கைலியும் துண்டும் நைட்டியும்தான் தட்டுப்பாடு.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், அதில் தப்பே இல்லை. உபரி உணவைப் பகிர்வதற்கு 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறையே போட்டிருக்கிறது. சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கணக்கு. மத்தியானம் ஒரு மணிக்கு தம் உடைத்த பிரியாணி நம் ஊர் வெயிலில் சாயங்காலம் என்ன ஆகும் என்று விதியைப் படிக்காமலே மூக்கு சொல்லிவிடும். ஆகவே பந்தி முடியும்வரை காத்திருக்காமல், பரிமாறத் தொடங்கும்போதே ஒரு சட்டியைத் தனியாக எடுத்து, முன்கூட்டியே போன் செய்துவிட்டு அனுப்புங்கள். இலையில் விழுந்ததும் கடைசியில் சுரண்டியதும் அங்கே போகக் கூடாது.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கிட்டங்கி வீட்டில் இருப்பவர்களை நம் பிள்ளைகள் சிலர் ‘லூசு’ என்று கூப்பிடுவது என் காதில் விழுந்தது. வீட்டில் பெரியவர்கள் பேசாத வார்த்தை பிள்ளை வாயில் வராது. அங்கே தங்கியிருக்கும் எல்லாரும் மனநலம் பாதித்தவர்கள் இல்லை. இருந்தாலும்தான் என்ன? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்ததை உங்களில் பலர் சிறு வயதில் கேட்டிருப்பீர்கள், சிலர் பார்த்தும் இருப்பீர்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களையும் யாரோ வண்டி வைத்துக் கூட்டிவந்து விட்டுப் போயிருந்தார்கள். கிட்டங்கி வீட்டில் வெளியிலிருந்து பூட்டுப் போடுவதில்லை, வருகிறவர் போகிறவர் பெயரை நோட்டில் எழுதுகிறார்கள், மருந்து வேண்டியவரை இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றால், இந்தக் கரையில் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மனம் பேதலித்துத் தெருவில் திரிபவரைப் பார்த்தால் கல்லை எடுக்காமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். அவரைப் பாதுகாப்பாகக் கூட்டிச்செல்வது 2017 மனநலச் சட்டப்படி அவர்கள் கடமை. மனநல ஆலோசனை வேண்டுமென்றால் 14416, ஆதரவில்லாத முதியவர் என்றால் 14567, பிள்ளைகள் என்றால் 1098. மூன்றும் இலவச எண்கள்.

அங்கே ஒரு அப்பத்தா இருக்கிறார். காலையில் வாசல் நிழலில் சாக்கை விரித்து, குண்டு மிளகாய்க் காம்பு கிள்ளுவார். விரல் எரியாமலிருக்கப் பக்கத்தில் ஒரு மூடியில் தேங்காய் எண்ணெய். கூலி கிலோக் கணக்கில். காப்பகத்தில் கொடுக்கும் சோப்பு அவருக்கு ஆகாது. கூலிக் காசில் ஹமாம் வாங்கித் தனியாக வைத்துக்கொள்கிறார், யாரும் தொடக் கூடாது. பாவப்பட்ட ஜென்மம் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தால் அவரே விரட்டிவிடுவார்.

அதனால்தான் பிள்ளைகளை அங்கே ‘பார்க்க’ அழைத்துப் போவதில்லை. அது வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை. ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும், உங்கள் சம்மதம் இருந்தால், சனிக்கிழமை காலையில் மளிகை அறையில் சாமான் பிரித்து அடுக்க வரலாம். தேதி பார்ப்பது, எடை போடுவது, நோட்டில் ஏற்றுவது எல்லாம் வேலை. படுக்கை அறைப் பக்கம் போக மாட்டார்கள். இரண்டு ஆசிரியர்கள் கூட இருப்பார்கள். சம்மதச் சீட்டு இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கிறது, கிழித்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டோம்.

பணமாகக் கொடுக்க நினைப்பவர்கள் பள்ளியில் கொடுக்க வேண்டாம், நாங்கள் வாங்க மாட்டோம். நேரே காப்பகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை வேண்டும் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது, வங்கி வழியாகப் போக வேண்டும். வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால், தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் தாராளமாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட பெரியப்பா அனுப்பினால் அது வேறு கணக்கு. அதற்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும், கிட்டங்கி வீட்டிடம் அது இல்லை. ஆசையாகக் கேட்டாலும் தயவுசெய்து அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: டிரம்மில் கண்ணாடிப் பாட்டில் போடாதீர்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று உடைந்தால் மற்ற பாக்கெட் அத்தனையும் வீண். பையோடு போட்டால் பை திரும்ப வராது, நல்ல கட்டைப் பையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.