சல்லடை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் சிறுநீரகம் பற்றிய கட்டுரை வந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் முதல் வரியிலேயே ‘சிறுநீரகம் ஒரு சல்லடை’ என்று போட்டிருந்தீர்கள். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 31 வருடம் தூள் சலித்தவன் நான். சல்லடையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். சிறுநீரகத்தைப் பற்றித்தான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

சல்லடை பார்ப்பது அளவை மட்டும்தான். சின்னது விழும், பெரியது நிற்கும். சிறுநீரகத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்கிற நுண்ணிய குழாய் அமைப்புகள் சுமார் 10 லட்சம். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். ரத்த அணுக்களும் புரதமும் அங்கே நின்றுவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் இறங்கிவிடும். நாள் ஒன்றுக்கு இப்படி இறங்குவது 180 லிட்டர். உடம்பில் உள்ள மொத்த ரத்தமே 5 லிட்டர்தான். வெறும் சல்லடையாக இருந்தால் அரை மணி நேரத்தில் ஆள் வற்றிப்போவான்.

நாம் கழிப்பதோ ஒன்றரை லிட்டர் போல. மீதி முழுக்கத் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. போகிக்கு வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, இது வேணும், இது வேணாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து உள்ளே எடுத்து வைப்பார்களே, அந்த வேலைதான் இது. நெஃப்ரானின் நீளக் குழாய் சர்க்கரையை ஒரு துளி விடாமல் எடுத்துக்கொள்கிறது. உப்பை, அன்றைக்கு வேண்டிய அளவு. தண்ணீரை, மூளையிலிருந்து வரும் ஹார்மோன் சொல்கிறபடி. கூடுதலான பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது, அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

இன்னொன்று. எங்கள் ஊர் 6,000 அடி உயரம். காற்றில் பிராணவாயு கொஞ்சம் குறைச்சல். அதை உணர்ந்து, சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு ஹார்மோன் அனுப்புவதும் சிறுநீரகம்தான். மலை ஏறியது எந்தச் சல்லடைக்குத் தெரியும்?

ஒரு உவமைக்கு இத்தனை கோபமா என்பீர்கள். என் மனைவி கொழுந்து பறித்தவள். காலையில் காட்டுக்கு ஏறினால் மதியம் எடை போட இறங்கும்வரை ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீரே குடிக்கமாட்டாள். குளிரில் தாகமும் தெரியாது. ஆனால் குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்பக்கம் ஒதுங்கும். நீர் கூடிவிட்டது என்று எண்ணி உடம்பு இன்னும் வெளியேற்றும். (டிசம்பரில் ஊட்டிக்கு வருகிறவர்கள் பஸ் நின்றதும் முதலில் எங்கே ஓடுகிறார்கள் என்று பாருங்கள்.) இதற்கு நடுவே முட்டிவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, தினம் இரண்டு, வருடக்கணக்கில். நான் சொன்ன நூல்கண்டுக்கு வரும் ரத்தத்தை அந்த மாத்திரை குறைத்துவிடும், உடம்பு வற்றியிருக்கும்போது ரொம்பவே. இதெல்லாம் பின்னால் டாக்டர் சொன்னது.

கால் வீங்கியதும் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எல்லோரும் சொன்னார்கள்: “சல்லடை அடைச்சிருக்கு, தண்ணிய நிறைய ஊத்திக் கழுவணும்.” நானும்தான் சொன்னேன். தொழிற்சாலையில் அடைத்த சல்லடையைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுப் பழகிய கை. நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர், கூடவே வாழைத்தண்டுச் சாறு. பத்தாம் நாள் மூச்சு விட முடியவில்லை. 14 கொண்டை ஊசி வளைவும் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 7.8, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தது. “கல்லுக்குச் சொல்ற வைத்தியத்தை இதுக்குப் பண்ணிட்டீங்களே ஐயா. வெளியே தள்ளவே முடியாத கிட்னிக்கு இவ்வளவு ஊத்தினா நுரையீரல்லதான் தேங்கும்” என்றார் டாக்டர்.

இப்போது வாரம் 3 தடவை டயாலிசிஸ், தடவைக்கு 4 மணி நேரம். உண்மையான சல்லடை அந்த மெஷின்தான். வாரம் முழுக்க 168 மணி நேரம் சிறுநீரகம் பார்க்கும் வேலையை 12 மணி நேரத்தில் அரைகுறையாகச் செய்கிறது. ரத்தம் ஊறுவதற்குத் தனியாக ஊசி. டீயும் ரசமும் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கலாம். குடிக்க வேண்டிய காலத்தில் குடிக்காதவள், இப்போது டம்ளரை அளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தோட்டங்களில் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. லைன் வீட்டுப் பக்கம் இருந்தால் போதாது, கொழுந்து எடை போடும் இடத்தில் வேண்டும். சிறு தோட்டங்களுக்கு அந்தச் சட்டமும் எட்டவில்லை. இதை உங்கள் நிருபர் ஒருமுறை நேரில் வந்து பார்த்து எழுதட்டும். அடுத்த கட்டுரையில், கிரியேட்டினின் கூடித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் பாதி வேலை போயிருக்கும் என்பதையும், வலி மாத்திரை தொடர்ந்து போடுகிறவர்கள் வருடம் ஒருமுறையாவது ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

நாளைக்கு டயாலிசிஸ் நாள். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
குன்னூர், நீலகிரி.