ராஜம் கிருஷ்ணனை முழுசாகத் தாருங்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடிக்காரி. போன வருஷம் ஐப்பசி மழையில் வெளியே போக முடியாமல் வீட்டில் கிடந்த ஒரு நாள், தோழி கொடுத்துவிட்டுப் போயிருந்த ‘கரிப்பு மணிகள்’ நாவலைக் கையில் எடுத்தேன். அதை எழுதிய ராஜம் கிருஷ்ணன் என்ற பெயரைப் பள்ளிக்கூட நாளில் எங்கோ கேட்டதோடு சரி. ஒரு வரிகூட வாசித்ததில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பாதிப் புத்தகம் முடிந்துவிட்டது. மறுநாள் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை சத்தமாக, எங்கள் ஆச்சிக்காக.

ஆச்சி இருபது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் பாடுபட்டவள். பாத்தி மிதித்திருக்கிறாள். வாரிய உப்பைப் பெட்டி பெட்டியாகத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டியிருக்கிறாள். உச்சி வெயிலில் உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண், இன்றைக்கும் முற்றத்து வெளிச்சத்துக்கு வந்தால் பாதி மூடிக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாது. நாவலில் பொன்னாச்சி அளத்து வேலைக்குப் போகும் இடம் வந்தபோது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்:

“இந்தம்மா எந்த அளத்துல கெடந்தாவ?”

அளத்துக்காரர் இல்லை ஆச்சி, 1925இல் முசிறியில் பிறந்தவர், பதினைந்து வயதிலேயே கல்யாணம் ஆனவர், பெரிய படிப்பெல்லாம் கிடையாது என்று சொன்னேன். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “நின்னு பாக்காம இத எழுத முடியாதுல்லா” என்றாள்.

ஆச்சி சொன்னதுதான் சரி. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்கு வந்து, உப்பளங்களில் நின்று, தொழிலாளர்களோடு பேசித்தான் அந்த நாவலை எழுதியிருக்கிறார். அதை முன்னுரையில் அவரே சொல்கிறார். ஆனால் என் கையில் இருந்த பதிப்பில் அந்த முன்னுரை இல்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் ஏற்றி வைத்திருக்கும் மின்னூலில்தான் அதைப் படித்தேன். ஊர் பேர் தெரியாத அந்த நல்லவர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் முன்னுரையை, விலை போட்டு விற்கிற புத்தகத்திலிருந்து நீக்க எப்படி மனசு வந்தது? நாலைந்து பக்கம் மிச்சம் என்று நினைத்திருக்கலாம். ராஜம் கிருஷ்ணனைப் பொறுத்தவரை முன்னுரையும் நாவலோடு சேர்ந்ததுதான். யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எதைக் கேட்டார் என்பது தெரிந்தால் கதையின் ஒவ்வொரு வரிக்கும் கனம் கூடுகிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. இவர் எழுதிய அத்தனையையும் வாசித்துவிட வேண்டும். அடுத்து ‘அலைவாய்க் கரையில்’. அதுவும் எங்கள் பக்கத்துக் கடற்கரைதான், மீனவர் வாழ்க்கை. பிறகு ‘குறிஞ்சித்தேன்’. கணவர் மின் பொறியாளர். அவர் வேலை நிமித்தம் நீலகிரியில் வாழ்ந்தபோது அந்த மலையில் வாழும் படகர் இன மக்களோடு பழகி எழுதிய நாவல் அது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற குறிஞ்சியை வைத்துக் காலத்தை எண்ணிக்கொண்டு, ஒரு மலைக் குடும்பத்தின் தலைமுறைகளைச் சொல்லிக்கொண்டே போகிறார். அதை முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உப்பளத்தையும் மலையையும் ஒரே கை எழுதியதா என்று இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. தஞ்சைப் பக்கத்து விவசாயக் கூலிகளைப் பற்றி ‘சேற்றில் மனிதர்கள்’, தீப்பெட்டித் தொழிலில் வதைபடும் குழந்தைகளைப் பற்றி ‘கூட்டுக் குஞ்சுகள்’, கோவா விடுதலையை வைத்து ‘வளைக்கரம்’, சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரைப் பற்றி ‘முள்ளும் மலர்ந்தது’, விவசாயக் கூலிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மாளின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பாதையில் பதிந்த அடிகள்’. 1973இல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய ‘வேருக்கு நீர்’ தனி. மொத்தம் எண்பது நூல்களுக்கு மேல் என்கிறார்கள்.

எந்த எண்பது? இங்கேதான் நான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னிடம் இப்போது பதினொரு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றிலாவது ஆசிரியரின் முழு நூல் பட்டியல் இல்லை. 1979இல் வந்த நாவலின் மறுபதிப்பைத் திறந்தால், உள்பக்கத்தில் ‘முதற்பதிப்பு’ என்று போட்டு அந்தப் பதிப்பகம் அச்சடித்த வருஷம்தான் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை இதை எடுத்துப் பார்த்தால் எந்தக் காலத்துக் கதை என்று நினைக்கும்? கூலி நாலு ரூபாயா ஐந்து ரூபாயா என்று சண்டை போடுகிற காலத்தை நம் காலம் என்று எண்ணாதா? இன்னொரு பதிப்பில் பேச்சு வழக்கு வருகிற இடங்களில் யாரோ ‘பிழை’ திருத்தியிருக்கிறார்கள். தென் தமிழ்நாட்டுப் பேச்சைக் காதால் கேட்டு எழுதியவர் அவர். அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. ஆச்சிக்கு வாசிக்கும்போது அந்தந்த இடத்தில் நானே பழைய சொல்லைப் போட்டு வாசித்தேன்.

புத்தகக் காட்சியில் ஒரே நாவல் நாலு கடையில் நாலு அட்டையோடு கிடைக்கிறது. ‘வளைக்கரம்’ கேட்டால் எல்லாக் கடையிலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

2009இல் ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருக்கும்போதே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. முதுமையில் கையில் காசில்லாமல், முதியோர் இல்லத்தில் இருந்த காலம் அது. 2014 அக்டோபரில் இறந்தார். நாட்டுடைமை என்பதால் நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், உரிமைத் தொகை என்று ஒரு பைசா கொடுக்க வேண்டாம். தப்பென்று சொல்லவில்லை, சட்டம் தந்த வழி அது. ஆனால் அந்த மிச்சத்தில் ஒரு பங்கை ஒரு நல்ல மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். முன்னுரையைத் திரும்பச் சேருங்கள். முதலில் வெளிவந்த ஆண்டை உள்ளபடி போடுங்கள். கடைசிப் பக்கத்தில் அவர் எழுதிய எல்லாவற்றின் பட்டியலையும், நீங்கள் அச்சிடாதவற்றையும் சேர்த்து, கொடுங்கள். அடுத்த கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்கவாவது வாசகருக்கு அது உதவும்.

ஒரே பதிப்பகம் எண்பதையும் போடுவது பெரிய சுமை என்று எனக்குத் தெரியும். நாலு பேர் கூடிப் பேசிப் பங்கு பிரித்துக்கொள்ள முடியாதா? ஒருவர் உழைப்பாளர் வாழ்வைச் சொல்லும் நாவல்களை, ஒருவர் வாழ்க்கை வரலாறுகளை, ஒருவர் சிறுகதைகளை, ஒருவர் பெண்கள் பற்றிய கட்டுரைகளை. வருஷத்துக்கு ஐந்து வந்தாலும் போதும், நான் காத்திருப்பேன்.

புத்தகம் வருமுன்பே பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளும் முன்வெளியீட்டுத் திட்டம் என்று ஒன்றை அறிவியுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்ட முடியாது, மாதாமாதம் கட்டிவிடுகிறேன். என் தோழிகள் ஆறு பேர் சேரத் தயாராக இருக்கிறார்கள். பெயர் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது ‘சேற்றில் மனிதர்கள்’ ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும். அடுத்து என்ன வாசிக்கப் போகிறாய் என்று ஆச்சி நேற்றே கேட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உப்பளத்து ஆச்சியின் பேத்தி,
தூத்துக்குடி