ஆண்டறிக்கை 2024–25: ராணி காசும் நியூ வோர்ல்ட் வாயிலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த வேலைகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். செயற்குழு 6 முறை கூடியது. தீபாவளி ஒன்றுகூடல், பொங்கல், நீரிழிவு பற்றிய மருத்துவர் பேச்சு ஆகிய மூன்றும் திட்டமிட்டபடி நடந்தன. மலாக்கா சுற்றுலாவுக்குப் போதிய ஆள் சேராததால் கைவிட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது வேறொரு வேலை. அதைப் பற்றித்தான் இன்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்ற பொதுக்கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது அது. உறுப்பினர் ஒருவருடைய பேரன், "தாத்தா, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாட எங்கே போவீர்கள்?" என்று கேட்டான். நாலைந்து குரல்கள் ஒன்றாக "நியூ வோர்ல்ட்" என்றன. அப்புறம் அன்று யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. சிராங்கூன் சாலை, ரேஸ் கோர்ஸ் சாலை, ஜாலான் புசார் பக்கம் வளர்ந்து இப்போது சிங்கப்பூர்த் தீவின் நாலா மூலையிலும் அடுக்குமாடிகளில் இருக்கும் நமக்கு, பொதுவான பிள்ளைப்பருவ இடம் அதுதான். ஆளுக்கொரு நினைவைக் கைப்பேசியில் பதிவு செய்து வைப்பது என்று மே மாதச் செயற்குழு முடிவு செய்தது. இதுவரை 16 பேர் பேசியிருக்கிறார்கள்.

இளையவர்களுக்காகச் சில விவரங்கள். நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா 1923இல் ஜாலான் புசாரில் திறக்கப்பட்டது. தொடங்கியவர்கள் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹொக் என்ற சகோதரர்கள். லாவ் பா சாட் உணவங்காடிப் பக்கம் குச்சியில் குத்தி வாட்டிய இறைச்சியான சாத்தே சாப்பிட நாம் போகும் பூன் டாட் தெரு அந்த மூத்தவர் பெயரில் உள்ளதுதான். பிறகு ஷா சகோதரர்களும் அதில் பங்கு வாங்கினார்கள். கிம் செங் சாலையில் கிரேட் வோர்ல்ட், கேலாங்கில் ஹேப்பி வோர்ல்ட் எனப் பின்னால் வந்த இரண்டுக்கும் மூத்தது இது. ராட்டினம், மோதும் கார், பேய் ரயில் ஒரு பக்கம். சீன வாயாங் கூத்து, மலாய் பங்சாவான் நாடகம், சினிமாக் கொட்டகை, நடன அரங்கு இன்னொரு பக்கம். இன்ன இனத்தார்தான் வரலாம் என்று யாரும் சொன்னதில்லை. நுழைவுக் காசு கொடுத்தால் உள்ளே போகலாம்.

அந்த நுழைவுக் காசு எவ்வளவு என்பதில்தான் முதல் சண்டை வந்தது. பத்துக்காசு என்றார் ஒருவர். இல்லை, இருபது என்றார் அடுத்தவர். குரல் உயர்ந்துகொண்டே போனபோது நம் துணைத்தலைவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "கொடுத்த காசில் என்ன படம் இருந்தது?" அதன்பிறகு பேச வந்த எல்லோரிடமும் முதலில் அதையே கேட்டோம். கிரீடம் வைத்த ராணி தலை என்றால் அது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காசு. 1953க்குப் பிந்தைய நினைவு. கடற்குதிரை என்றால் 1967இல் வந்த சிங்கப்பூர்ப் பத்துக்காசு. சில காலம் இரண்டும் கலந்து புழங்கியதால் வருடத்தை நறுக்கென்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஆண்டு நினைவில்லாத பலருக்குக் காசின் படம் நினைவிருந்தது. அதை வைத்தே பதிவுகளை ராணி காசுக்காரர்கள், கடற்குதிரைக்காரர்கள் என்று பிரித்து அடுக்கியிருக்கிறோம்.

நான் ராணி காசுக்காரி. அப்பா சிட்டி கவுன்சில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தார். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் லயன் வீடு. வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் நியூ வோர்ல்ட். அதில் ஒன்று கட்டாயம் புரட்டாசிச் சனிக்கிழமை. சாயங்காலம் பெருமாள் கோயிலுக்குப் போவோம். அம்மா அதை நரசிங்கப் பெருமாள் கோயில் என்றே கடைசிவரை சொன்னார். இலையில் வாங்கிய புளியோதரையைத் தின்றுவிட்டுச் சிராங்கூன் சாலையைக் கடந்து கிச்சனர் சாலை வழியாக நடப்போம். தூரத்திலேயே விளக்கு வெளிச்சம் வானத்தில் தெரியும். அப்பா என் கையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். கூட்டத்துக்காக என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், சாத்தேக் கடையைத் தாண்டும்வரைதான் அந்தப் பிடி. புரட்டாசியில் கவிச்சி கூடாது. வேர்க்கடலைக் குழம்பும் கரியில் வாட்டிய இறைச்சியும் சேர்ந்து எழுப்பும் அந்த வாசனைக்கு நடுவே, விரதக்கார அப்பாவும் நாக்கு ஊறும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போவோம். இதைச் சொன்னதும் இன்னும் மூன்று பேர், "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்றார்கள். கோயிலும் கேளிக்கையும் ஒரே சாயங்காலத்தில் அடங்கிவிடும் தூரத்தில் நாம் வளர்ந்திருக்கிறோம்.

சாத்தேக்குப் பதில் கிடைத்தது கச்சாங் பூத்தே என்ற கடலைத் தீனி. தட்டைத் தலையில் சுமந்துவந்து வாயிலருகே வைத்து விற்றவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். வறுத்த கடலை, அவித்த கடலை, பச்சைப் பட்டாணி, முறுக்குத் துண்டு, சர்க்கரை பூசிய வேர்க்கடலை என்று எதைக் கேட்டாலும் பழைய நோட்டுத் தாளைக் கூம்பாகச் சுருட்டிப் போட்டுத் தருவார்கள். கடலை தீர்ந்ததும் தாளைப் பிரித்துப் பார்த்தபோது அதில் தன் வகுப்புத் தோழியின் கையெழுத்தில் வாய்ப்பாடு இருந்ததாக ஓர் அக்கா சொன்னார். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்த தவறு உட்பட அவருக்கு நினைவிருக்கிறது. அந்தத் தட்டுக்காரர்களில் ஒருவருடைய மகன் நம் உறுப்பினர். தான் ஒருநாள்கூட ராட்டினத்தில் ஏறியதில்லை என்றார். அப்பாவின் தட்டுக்குப் பின்னால் நின்று தாள் சுருட்டியதுதான் அவருடைய நியூ வோர்ல்ட். உள்ளே இருந்து வரும் இசையை வைத்து எந்தக் காட்சி முடிந்தது, எந்தப் பக்கக் கூட்டம் இப்போது வெளியே வரும் என்று கணக்குப் போட்டுத் தட்டை நகர்த்துவார்களாம். அந்தப் பூங்காவை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் அவர் என்று நினைக்கிறேன். அவர் பதிவு 40 நிமிடம் ஓடுகிறது. ஒரு நொடியையும் வெட்டவில்லை.

பெண்கள் பேசியதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். முதலில் யாரும் முன்வரவில்லை. "ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத்தான் நிறையத் தெரியும்" என்று ஒதுங்கினார்கள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் வந்தது. பேசிய 7 பெண்களில் 5 பேருக்கு நினைவு 12 அல்லது 13 வயதோடு நின்றுவிடுகிறது. வயதுக்கு வந்த பிறகு அனுப்பவில்லை. நடன அரங்கு இருக்கும் இடம், குடிகாரர்கள் வரும் இடம் என்று வீட்டில் காரணம் சொன்னார்கள். எனக்கும் அதேதான், 1966க்குப் பிறகு நான் உள்ளே கால் வைக்கவில்லை. தம்பி போய்வந்து பேய் ரயிலைப் பற்றிச் சொல்வான். இருட்டில் முகத்தில் உரசும் நூல், திருப்பத்தில் எழுந்து நிற்கும் எலும்புக்கூடு எல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் என் நினைவில் அந்த வண்டியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பதிவில் அப்படியே சொல்லியிருக்கிறேன். மற்றப் பெண்களும் பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்துச் சொல்ல முயன்றிருக்கிறார்கள். சுலபமான காரியமில்லை.

மல்யுத்தம் பற்றிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. ஹங்கேரியில் பிறந்து ஆசியா முழுக்கப் பெயர் வாங்கி 1970இல் சிங்கப்பூரிலேயே காலமான கிங் காங்கையும், தாரா சிங்கையும் தங்கள் அப்பாமார் தோளில் உட்கார்ந்து பார்த்ததாக மூன்று அண்ணன்மார் சொன்னார்கள். நியூ வோர்ல்டா, ஹேப்பி வோர்ல்டின் உள்ளரங்கமா என்பதில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று பேர் சொன்னதையும் அவரவர் சொன்னபடியே வைத்திருக்கிறோம்.

பிற்காலம் பற்றிய பதிவுகளில் ஒரு சோர்வு தெரிகிறது. 1963 பிப்ரவரியில் தொலைக்காட்சி வந்தது. சமூக மன்றத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தோம். பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புது வீடுகள். எங்கள் குடும்பம் 1969இல் தோ பாயோவுக்குப் போனது. மின்தூக்கியும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீட்டுக்குப் போன மகிழ்ச்சியில், நடந்து போகும் தூரத்தில் இருந்த ஓர் உலகம் பேருந்து ஏறிப் போகும் தூரத்துக்குத் தள்ளிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. குளிரூட்டிய திரையரங்குகளும் கடைத்தொகுதிகளும் வந்தன. கடற்குதிரைக்காரர்கள் சொல்லும் நியூ வோர்ல்டில் மங்கிய விளக்குகளும் மலிவு விலைத் துணிக்கடைகளும்தான் அதிகம். 1987இல் மூடினார்கள். அந்த இடத்தில் 2009இல் சிட்டி ஸ்குவேர் மால் வந்தது.

இனி நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. நம் சங்கத்திலேயே மூத்தவர், 91 வயது, சென்ற அக்டோபரில் காலமானார். ராணி காசுக்கும் முந்திய, ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுக் காலத்தில் நியூ வோர்ல்டுக்குப் போனவர் அவர் ஒருவரே. ஜப்பானியர் ஆட்சியில் அங்கே சூதாட்டம் நடந்த நாட்களில் அவர் சிறுவன். ஜூன் மாதம் தொலைபேசியில் அழைத்து, "நீ எப்போதம்மா வருகிறாய்? சொல்ல நிறைய இருக்கிறது" என்றார். தீபாவளி முடியட்டும் ஐயா, நிதானமாக வருகிறேன் என்றேன். செயற்குழு அவரை முதல் பெயராகத்தான் எழுதியிருந்தது. பக்கத்தில் இருப்பவர்களை முதலில் முடித்துவிடலாம் என்று வரிசையை மாற்றியது நான். அன்று தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: அரிசிக்கு வரிசையில் நிற்க அனுப்பிய காசில் அவருடைய அண்ணன் உள்ளே போய் எல்லாவற்றையும் தோற்றுவிட்டு, வீட்டுக்கு வரப் பயந்து ஃபேரர் பார்க் திடலில் இரவு முழுக்கப் படுத்திருந்தாராம். தேடிப் போன தம்பியும் அண்ணனோடு அங்கேயே தூங்கிவிட்டாராம். விடிந்த பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நேரில் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். அவருடைய மகளிடம் விசாரித்தேன். வீட்டில் இந்தக் கதையை அவர் சொன்னதேயில்லையாம். குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல். இந்தத் தவறு என்னுடையது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 22 பேர் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தில் கூடி, சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதியை ஒட்டிய பூங்காத் திடலுக்குப் போனோம். நியூ வோர்ல்டின் பழைய வாயில் ஒன்றைச் செப்பனிட்டு அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதை இடிக்காமல் வைத்தவர்களுக்கு நன்றி. நினைவில் இருந்ததைவிட எவ்வளவு சின்னது என்று எல்லோரும் சொன்னோம். சக்கர நாற்காலியில் வந்திருந்த அக்கா ஒருவர் தம்மை அதன் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். போனதும், திருப்பி வெளியே கொண்டுவரச் சொன்னார். மறுபடியும் உள்ளே. மூன்றாம் முறை தள்ளியது அவருடைய கொள்ளுப்பேத்தி. கச்சாங் பூத்தேக்காரரின் மகன் வாயிலுக்கு இடப்பக்கம் ஓரிடத்தில் போய் நின்று, "இங்கேதான் தட்டு" என்றார். இந்த வாயில் அன்று இருந்த இடம் வேறு என்று சிலர் எடுத்துச் சொன்னார்கள். அவர் நகரவில்லை. அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. பதிவுகளைப் பேசியவர்களின் சம்மதத்தோடு தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்திடம் ஒப்படைக்க முயல்வது ஒன்று. அவர்கள் 1979 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். வயது மூத்தவர்களிடமிருந்தே பதிவைத் தொடங்குவது, எக்காரணம் கொண்டும் வரிசையை மாற்றக் கூடாது என்பது மற்றொன்று. 85 வயதைக் கடந்த 4 பேர் இன்னும் பேசவில்லை. நால்வருக்கும் நாள் குறித்துவிட்டேன். முதல் வீடு வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு.

உடன் வந்து பதிவு செய்ய, மலாயும் தமிழும் தெரிந்த இளையவர்கள் இரண்டு பேர் தேவை. நியூ வோர்ல்டில் எடுத்த படம் எவர் வீட்டு அலமாரியிலாவது இருந்தால், பின்னணியில் ராட்டினத்தின் ஓரம் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்பாகவே பிரதி எடுத்துக்கொண்டு அசலை அப்போதே கையில் தந்துவிடுகிறோம். இதுவரை நம்மிடம் சேர்ந்திருப்பது ஒரே ஒரு படம். அதில் மோதும் காரில் இருக்கும் சிறுமி யார் என்று இன்னும் தெரியவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது வாசல் மேசையில் வைத்திருக்கிறோம், ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்