புள்ளி தெரியாத பிள்ளைகள்

ஐயா, வணக்கம்.

பள்ளிகளில் கண் பரிசோதனை நடத்தி இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள். நல்ல காரியம். கண்ணாடி போட்டும் பார்வை தெளியாத பிள்ளைகளைப் பற்றி ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையாக எழுதுகிறேன். கண்ணாடியோடு, நல்ல கண்ணிலேயே பார்வை 6/18 முதல் 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 6/18 என்றால், மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை இவர்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். ஆனாலும் ஓடியாடி விளையாடுவதால், 'கண்ணுதான் நல்லாத் தெரியுதே' என்று விட்டுவிடுகிறோம்.

நோட்டைப் பார்த்தால் விஷயம் புரியும். முதலில் காணாமல் போவது புள்ளி. 'பட்டம்' என்பது 'படடம' ஆகிவிடும். கீ-யின் சுழி தெரியாமல் கி ஆகும். ன, ண குழம்பும். அதே பிள்ளையை வாயால் சொல்லச் சொன்னால் ஒரு தப்பு வராது. இருந்தும் 'கவனமில்லை' என்று சிவப்பு மையில் எழுதுகிறோம், அப்புறம் மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். இது பெரிய அநியாயம்.

புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கும் குறைபார்வைப் பிள்ளையிடம் 'தள்ளி வச்சுப் படி' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கிட்டே வைப்பதால் கண் கெடாது. தூரம் பாதியானால் எழுத்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். கருவிழி ஆடும் பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்த்தால் நிமிர்த்தவும் வேண்டாம். அந்தக் கோணத்தில்தான் ஆட்டம் அடங்கி எழுத்து நிற்கும்.

முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் மட்டும் போதாது. கேட்காமலே எழுந்துபோய்க் கரும்பலகையைக் கிட்டத்தில் பார்க்க விட வேண்டும். நாம் எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுத வேண்டும். பலகை வெளுத்திருந்தால் சாக்பீஸ் எழுத்து எடுபடாது. முன்பெல்லாம் கோவை இலையும் கரியும் தேய்த்துக் கறுப்பாக்குவோம், இப்போது அதைக் கவனிப்பார் இல்லை. வெளிச்சம் கூசும் பிள்ளையை ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்காதீர்கள், வகுப்புக்குள் தொப்பி போட்டாலும் விட்டுவிடுங்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் தினமும் வர முடியாது. மற்ற நாளெல்லாம் பிள்ளை வகுப்பாசிரியர் கையில்தான். எனவே கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள்: பரிசோதனையில் 'கண்ணாடியால் சரியாகாது' என்று தெரியும் பிள்ளையின் பெயர் அன்றே வகுப்பாசிரியருக்கும் சிறப்பாசிரியருக்கும் போய்ச் சேரட்டும். காலாண்டுத் தேர்விலிருந்தே அந்தப் பிள்ளைக்கு வினாத்தாளை ஏ3 தாளில் பெரிதாக்கிக் கொடுக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.